முந்திக்கொண்ட விரல்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அன்று சேர்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தவர்கள் யாருக்கோ நிச்சயதார்த்தம் என்றுதான் நினைத்திருப்பார்கள். கோயிலில் இருந்து வாங்கி வந்த நீல பிளாஸ்டிக் நாற்காலிகள் வாசல் கேட் வரைக்கும் போட்டிருந்தன. சமையலறையில் அம்மா உளுந்து வடை சுட்டுக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசமும் பக்கத்து வீட்டு ஆன்டி தாராளமாக அடித்திருந்த சென்ட் வாசமும் கலந்து வந்ததை, காற்றாடி எல்லோருக்கும் பங்கு வைத்துக்கொண்டிருந்தது.

எல்லோர் பார்வையும் தொலைக்காட்சி மேல். இன்னும் சற்று நேரத்தில் அதில் நான் வரப்போகிறேன். கல்லூரி மாணவர்களுக்கான புதிர்ப்போட்டி, இறுதிச் சுற்று.

அந்தச் சுற்றைப் பதிவு செய்து பல வாரங்கள் ஆகிவிட்டன. அதில் நான் தோற்றுவிட்டேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் இருந்த ஒரே சோபாவில் அத்தை உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தங்கை. ஷா ஆலமில் மாடி வீடு, மகன் பிரகாஷ் வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கிறான். எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "குகன் இப்ப என்னா படிக்கிறான்?" என்று கேட்பார். ஊடகத் துறை என்று அம்மா ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொல்வார். அது படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது அத்தையின் அடுத்த கேள்வி. அம்மா அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லிவிட்டு எழுந்து போவார். அடுப்பில் ஒன்றும் இருக்காது.

அந்த அத்தையை, அன்று அம்மாவே போன் போட்டு வரவழைத்திருந்தார். என் பிள்ளை டிவியில் வருகிறான், வந்து பார் என்று. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அம்மா அத்தையின் முன்னால் தலை நிமிர்ந்து உட்காரப் போகிற ஒரு மாலைப்பொழுது. அதைக் கெடுக்கப்போவது நான். ஏற்கெனவே கெடுத்தாகிவிட்டது, ஒளிபரப்பு ஆகவேண்டியதுதான் பாக்கி.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் நான் கார் ஓட்டும் உரிமத்துக்காகப் பட்ட பாட்டைப் படித்த ஒரு வாசகி, "நீங்கள் வாழ்க்கையில் எதிலாவது ஜெயித்திருக்கிறீர்களா?" என்று கேட்டு எழுதியிருந்தார். அம்மணி, இந்த வாரமும் உங்களுக்கு ஏமாற்றம்தான்.

வாய் முந்தும் வியாதி

எனக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. அடுத்தவர் பேசி முடிக்கும்வரை காத்திருக்க என்னால் முடியாது.

தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வகுப்பைப் பார்வையிட வந்தார். அவர் முன்னால் எங்கள் ஆசிரியை, "இந்த வகுப்புல யாரு..." என்று ஆரம்பித்தார். நான் எழுந்து நின்று, "நான்தான் டீச்சர்" என்றேன். "...வீட்டுப்பாடம் செய்யாம வந்தது?" என்று ஆசிரியை முடித்தார். உண்மையில் நான் வீட்டுப்பாடம் செய்திருந்தேன். நோட்டைக் காட்டினேன். யாரும் பார்க்கவில்லை.

சொந்தத்தில் ஓர் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெண்ணுக்குச் சம்மதமா என்று கேட்டார். நான் முறுக்கைக் கடித்தபடியே, "சம்மதம்தான்" என்று சொல்லிவிட்டேன். அக்கா அந்தச் சம்பந்தத்தை வேண்டாமென்று சொல்லத் துணிந்து, அதற்கான வார்த்தைகளை ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்தாராம். பிறகு அவரே பேசி நிறுத்திவிட்டார். என்னோடு பேச்சையும் கொஞ்ச காலம் நிறுத்தியிருந்தார்.

ரகசியம் என்றால் இன்னும் மோசம். அப்பாவின் பிறந்தநாளுக்கு நானும் அம்மாவும் திருட்டுத்தனமாக ஒரு கைக்கடிகாரம் வாங்கினோம். கடையை விட்டு இறங்கியதுமே நான் அப்பாவுக்குப் போன் போட்டு, பட்டை கறுப்பில் வேண்டுமா பழுப்பில் வேண்டுமா என்று கேட்டவன்.

இப்படிப்பட்ட ஒருவனைப் புதிர்ப்போட்டிக்கு அனுப்பியது யார் குற்றம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடன் வாங்கிய கோட்டு

நான் படித்த கல்லூரி பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூக்கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் மேலே இருந்தது. கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போவேன். வழியில் ஷா ஆலம் நிலையத்தில் ரயில் நிற்கும். இதை எதற்குச் சொல்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

எங்கள் அணியில் மூன்று பேர். ரெபேக்கா பிரிக்பீல்ட்ஸ்காரி. தாத்தா காலத்திலிருந்து ரயில்வேயில் வேலை செய்த மெத்தடிஸ்ட் குடும்பம். வரலாறு, அறிவியல், வேதாகமம், கர்நாடக ராகங்கள் எல்லாம் அவள் தலையில் இருந்தன. தினேஷ் பத்துமலை பக்கத்துப் பையன், விளையாட்டுக் கேள்விகளுக்கு அவன். நான் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மணிப் பொத்தானை அழுத்துவதற்கு. பயிற்சியில் எங்கள் கல்லூரியிலேயே என் விரல்தான் வேகமானது. அந்த ஒரு தகுதிக்காக என்னை அணித்தலைவன் ஆக்கிவிட்டார்கள்.

கேள்வி பாதியில் இருக்கும்போதே அழுத்துவதுதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமம். முழுவதும் கேட்டுவிட்டு அழுத்தினால் எதிரணி முந்திவிடும். எந்த இடத்தில் அழுத்துவது என்பதுதான் வித்தை. ரெபேக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ரெண்டு வார்த்த கேளு லா" என்று பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பாள். ஆனால் முதல் சுற்றிலும் காலிறுதியிலும் அரையிறுதியிலும் நான் பாதியில் அழுத்திய கேள்விகள் எல்லாம் நான் நினைத்தபடியே முடிந்தன. அதிர்ஷ்டம் என்று அவள் சொன்னாள். திறமை என்று நான் சொன்னேன்.

பதிவு பெட்டாலிங் ஜெயாவில், தொழிற்சாலைகளுக்கு நடுவே இருந்த ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் நடந்தது. மூவரும் ஒரே மாதிரி கோட்டு போட வேண்டும் என்றார்கள். எங்களிடம் ஏது கோட்டு? ஹோட்டல் நிர்வாகம் படிக்கிற மாணவர்களிடம் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டோம். இறுதிச் சுற்றன்று எதிரணி மாணவன் ஒருவனின் அப்பா என்னைப் பார்த்து, "தம்பி, டாய்லெட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நானும் பணிவாகக் கையை நீட்டி வழி காட்டினேன். அந்தக் கோட்டைப் போட்டால் அப்படித்தான் செய்யத் தோன்றுகிறது.

முகத்துக்குப் பவுடர் போட வந்த அக்கா என்னை என் நிறத்திலிருந்து வெகுதூரம் கொண்டுபோய்விட்டார். உள்ளே குளிரில் பல் கிட்டியது. கைதட்ட வேண்டிய நேரத்தில் ஒருவர் கையைத் தூக்குவார், பார்வையாளர்கள் தட்டுவார்கள். அவர் கையை இறக்கினால் அப்படியே நின்றுவிடும்.

"சிலாங்கூர் மாநிலத்தின்..."

எதிரணி வடக்கே இருந்து வந்த பல்கலைக்கழக மாணவர்கள். அவர்களின் தலைவி கண்ணாடி போட்ட, அமைதியான பெண். கேள்வி கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வாள். முழுவதும் கேட்ட பிறகுதான் திறப்பாள். தூங்குகிறாள் என்று தினேஷிடம் சொல்லிச் சிரித்தேன்.

தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். கேமரா என் பக்கம் திரும்பியது. நான் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கம்பீரமாக, "வணக்கம். நான் குகன், அரச நகரம் கிள்ளானிலிருந்து" என்றேன். கிள்ளான்காரர்கள் அப்படித்தான் சொல்வோம். சுல்தானின் அரண்மனை எங்கள் ஊரில்தான் இருக்கிறது என்பதில் எங்களுக்கு அப்படி ஒரு பெருமை, என்னவோ அதில் ஓர் அறை எங்களுக்கும் ஒதுக்கியிருப்பதைப் போல.

ஆட்டம் இழுபறியாகப் போனது. ரெபேக்கா தூக்கி நிறுத்துவாள், நான் கவிழ்ப்பேன். கடைசிக் கேள்விக்கு வந்தபோது இரண்டு அணியும் சமம். சரியாகச் சொல்பவருக்குக் கோப்பை.

அறிவிப்பாளர் அட்டையைப் பார்த்து, "சிலாங்கூர் மாநிலத்தின்..." என்றார்.

நான் அழுத்திவிட்டேன்.

ரெபேக்கா என் கோட்டைப் பிடித்து இழுத்தது ஞாபகம் இருக்கிறது. ஆனால் மாநிலங்களின் தலைநகரங்களை ரயிலில் வரும்போதும் போகும்போதும் மனப்பாடம் செய்தவன் நான். சிலாங்கூர் மாநிலத்தின் என்றால் அடுத்து தலைநகரம்தானே வரவேண்டும்? எனக்குச் சந்தேகமே இல்லை.

"ஷா ஆலம்" என்றேன். கோப்பையை எந்தக் கையால் வாங்குவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அறிவிப்பாளர் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த இரக்கத்தை இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது. பிறகு எதிரணியின் பக்கம் திரும்பி, "கேள்வியை முழுசா படிக்கிறேன். சிலாங்கூர் மாநிலத்தின் அரச நகரம் எது?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கண்ணைத் திறந்து, "கிள்ளான்" என்றாள். கை தூக்குபவர் கையைத் தூக்கினார்.

நான் பிறந்த ஊர். நான் வளர்ந்த ஊர். அந்த மேடையிலேயே, அதே மைக்கில், அரச நகரம் என்று நானே என் வாயால் சொன்ன ஊர்.

வேனில் திரும்பினோம். பாதி வழியில் ரெபேக்கா ஜன்னலைப் பார்த்தபடி, "குகன், நீ எந்த ஊரு ஆஸ்பத்திரில பொறந்த?" என்று கேட்டாள். கிள்ளான் என்றேன். "சும்மாதான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மழைக்கு வேண்டிக்கொண்டவன்

ஒளிபரப்பாகும் வரை முடிவை வெளியே சொல்ல மாட்டோம் என்று நிலையத்தார் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். எனக்கு அது பெரிய உதவியாகப் போயிற்று. அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா எப்படிப் போச்சு என்று கேட்டார். சொல்லக்கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்றேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோறு போட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

அம்மா கிள்ளான் லிட்டில் இந்தியாவில் ஒரு நகைக்கடைக்கு மேல் மாடியில் ரவிக்கை தைக்கும் கடை வைத்திருக்கிறார். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிற பெண்கள் கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்பவர்களிடம் அம்மா என்ன சொன்னாலும் அவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். அடுத்த சில வாரங்களில் கிள்ளானில் ரவிக்கை தைத்த அத்தனை பேருக்கும் நான் இறுதிச் சுற்றுக்குப் போனது தெரிந்துவிட்டது. வாழைப்பழம் விற்கும் அண்ணன் என்னிடம் காசு வாங்க மறுத்தார். கோயிலில் ஐயர் என் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துவிட்டு, "கெலிச்சிடுவீங்க தம்பி" என்றார். என் முகத்தில் இருந்த வேதனையை அவர் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் விட அதிசயம், அத்தை. அவரே அம்மாவுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். குகன் தினமும் என்ன படிக்கிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாராம். பெட்டாலிங் ஜெயாவில் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் மட்டுமே துணி தைக்கிறவர், ஒரு நாள் பட்டுத் துணியோடு அம்மாவின் கடைக்கு மாடி ஏறி வந்தார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா இதைச் சொல்லிவிட்டு, தன்னையறியாமல் சிரித்தார். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை வாய் வரை வந்தது. எதையும் அடக்கத் தெரியாத வாய், சொல்ல வேண்டியதை மட்டும் நன்றாக அடக்கியது. அதற்குப் பதிலாகச் சில்லறைத் தந்திரங்களில் இறங்கினேன். நிகழ்ச்சி ரத்தாகலாம் என்றேன். அன்றைக்கு எல்லோரும் பத்துமலைக்குப் போய் வரலாமே என்றேன். அம்மா எதற்கும் அசையவில்லை. நாற்காலிக்குச் சொல்லிவிட்டார், உளுந்தும் வாங்கிவிட்டார்.

கடைசியாக மழையை நம்பினேன். எங்கள் பக்கம் பெருமழை பெய்தால் டிவியில் படம் போய்விடும். டிஷ்ஷுக்கு சிக்னல் வராது. கிள்ளானில் சாயங்கால மழை புதிது ஒன்றும் இல்லை, அந்த வாரம் முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அன்றைக்கும் பெய்தால் போதும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன்.

அன்று வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, துறைமுகத்துக்கு லோரி ஓட்டும் அப்பா, வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை தூங்குகிறவர், காலையிலேயே ஏணி போட்டு ஏறி டிஷ்ஷின் திருகாணிகளை எல்லாம் இறுக்கிவிட்டு இறங்கினார்.

கூடத்தில் எழுந்த குரல்

நிகழ்ச்சி தொடங்கியது. நான் திரையில் வந்து, "அரச நகரம் கிள்ளானிலிருந்து" என்றதும் கூடமே கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். எனக்குச் சுவரோடு சுவராகப் போய்விடலாம் போல இருந்தது.

கடைசிக் கேள்வி நெருங்கும்போது காற்று அடித்தது. படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. முருகன் என்னைக் கைவிடவில்லை என்று நினைத்தேன். அப்பா எழுந்து டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். படம் வந்தது. சத்தமும் வந்தது. "சிலாங்கூர் மாநிலத்தின்..."

திரையில் நான் அழுத்தினேன். "ஷா ஆலம்."

பக்கத்து வீட்டு அங்கிள் "கரெக்ட்டு" என்று தொடையைத் தட்டினார். சிலர் கைதட்டினார்கள். அத்தை சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் ஊர் அல்லவா. பிறகு அறிவிப்பாளர் கேள்வியை முழுவதும் படித்தார். அந்தப் பெண் கண்ணைத் திறப்பதற்குள், எங்கள் கூடமே, கிழவர் முதல் குழந்தை வரை, ஒரே குரலில் பதில் சொன்னது.

"கிள்ளான்."

அப்புறம்தான் என்ன நடந்தது என்று அவர்களுக்கு உறைத்தது. ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

அத்தைதான் முதலில் சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பரவால்ல லா அண்ணி. எங்க ஊரு பேரயாவது சொன்னானே."

யாரோ ஒருவருக்குச் சிரிப்பு புறப்பட்டு மூக்கு வரை வந்துவிட்டது. அதற்குள் அம்மா பெரிய தட்டோடு சமையலறையிலிருந்து வந்தார். "சூடா இருக்கு, எடுத்துக்குங்க" என்று சொல்லி, அத்தையிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவராக வடை வைத்தார். வேண்டாம் என்றவர்களுக்கு இரண்டாக வைத்தார். எல்லோரும் மென்றார்கள். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் வந்தது. பேச்சு சட்னிக்குப் போய், அங்கிருந்து தேங்காய் விலைக்குப் போய்விட்டது. அத்தை புறப்படும்போது வடையைப் பொட்டலமும் கட்டிக்கொண்டு போனார்.

எல்லோரும் போன பிறகு சமையலறைக்குள் போனேன். அம்மா வடைச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னாலேயே தெரியும், சொல்லியிருக்க வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"எனக்கும் தெரியும்" என்றார் அம்மா, திரும்பாமலே.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ரெபேக்கா சொன்னாளா என்று கேட்டேன்.

"யாரும் சொல்லல. நீ ஜெயிச்சிருந்தா ஸ்டேஷனுக்கு வர்றதுக்கு முன்னாலயே போன் போட்டிருப்ப. கையெழுத்தாவது ஒன்னாவது. வீட்டுக்கு வந்து வாய மூடிக்கிட்டு சோறு தின்ன பாரு, அப்பவே தெரிஞ்சி போச்சி."

"அப்பறம் ஏம்மா எல்லாரையும் கூப்ட்டீங்க? அத்தைய வேற."

"அவங்கவங்க வீட்டுல உக்காந்து பாத்தா வாய் விட்டு சிரிப்பாங்க. இங்க வந்து பாத்தா வாயில வட இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படியென்றால் இத்தனை வாரமும் கடையில் அத்தனை பேரிடமும், அத்தையிடமும், தெரிந்துகொண்டேவா பேசினீர்கள் என்று கேட்டேன்.

அம்மா சட்டியைக் கவிழ்த்து வைத்தார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டான்னு நான் யாருகிட்டயும் சொல்லல. பைனலுக்குப் போயிருக்கான்னுதான் சொன்னேன். உங்கத்த இத்தன வருசத்துல இந்தக் கொஞ்ச நாளாதான் எனக்குப் போன் பண்ணிப் பேசுனா. டிவில வர்ற வரைக்கும் நீ தோக்கலியேடா. நான் ஏன் முந்திக்கிட்டு சொல்லணும்?"

என் வாயில் சட்டென்று ஒரு பதில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, நாற்காலிகளை அடுக்கப் போனேன்.